டி.எம்.எஸ். அறையில் ஒரு மாட்டின் பெயர்

1. கரண்ட்டு வாணாம்

மனநல வார்டில், காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். சிகிச்சைக்கு டெக்னீஷியனாக நான் சேர்ந்த இரண்டாவது மாதம். காலையில் மெஷினை ஆன் செய்துவிட்டுத் திரும்பினால், வாசலில் பூங்கொடி அக்கா பையும் கையுமாக நிற்கிறார். பின்னால் அவர் மகன் தினேஷ், தரையைப் பார்த்தபடி.

"கரண்ட்டு வக்கிற வேலயே வாணாங்க. நாங்க மலைக்கே போறோம்."

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் அவர்கள் ஊர். தினேஷுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் படுத்தவன். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் நின்று, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று சொன்ன பிறகு எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மனச்சோர்வு அசையவில்லை. அதனால்தான் டாக்டரம்மா எங்கள் அறைக்கு அனுப்பினார். அவன் சம்மதித்துவிட்டான். அம்மாவுக்குத்தான் யாரோ ஓதிவிட்டார்கள்: தலையில் கரண்ட் வைத்தால் பெற்றவளையே மறந்துவிடுவான் என்று.

மெஷினைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், எனக்கு நாக்கு நிற்காது. மயக்க ஊசி கிடையாது, வலிப்பு வரவைக்கிற சிகிச்சையும் இது இல்லை, எட்டு வடிவக் கம்பிச்சுருளான காயிலைத் தலையில் ஒட்டி வைத்தால் காந்தத் துடிப்பு எலும்பைத் தாண்டிப் போய் மந்தமாகிவிட்ட இடத்தைத் தட்டி எழுப்பும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"இம்மாம் பேசறியே, நீ வச்சிக்கினியா?"

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, வளையலைக் கழற்றி, என் முன்கையில் காயிலை வைத்து ஒரு பல்ஸ் கொடுத்தேன். 'டக்'. விரல் தானாகத் துள்ளியது. அக்கா தன் கையையும் நீட்டினார். அவர் விரல் துள்ளியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கீழே வைத்தார். ஆனால் ஒரு கண்டிஷன்.

"டெய்லி நான் கேள்வி கேப்பன். ஒண்ணு மறந்தாலும் இட்டுக்கினு பூடுவன்."

2. பல்ஸும் கேப்பும்

முதல் நாள் மோட்டார் த்ரெஷோல்ட் பார்ப்போம். எந்த அளவில் வலது கட்டை விரல் துள்ளுகிறதோ, அதை வைத்து டோஸ் முடிவாகும். பிறகு தினமும் அதே நாற்காலி, அதே இடம். சில நொடி டக்டக்கென்று பல்ஸ், அப்புறம் அரை நிமிடம் போல இடைவெளி, அதுதான் கேப். பேஷண்ட் தூங்கிவிடக் கூடாது என்பதால் கேப்பில் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

என் ஊர் மூங்கில்துறைப்பட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து கரும்பு உருவிய கதையைச் சொன்னேன். கதைகள் தீர்ந்ததும் மறுபடி அதையே சொன்னேன். மெஷின் சத்தத்துக்காக எல்லார் காதிலும் இயர்பிளக் இருந்ததால் சத்தமாகவே. தினேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

செஷன் முடிந்ததும் அம்மாவின் பரீட்சை. நம்ம மாட்டுக்கு என்ன பெயர், மாமன் எந்த ஊர் என்று. அவன் கண்ணை மூடிக்கொள்வான். அக்காவின் முகம் செத்துவிடும். பேச மனமில்லாததுதான், மறதி இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம், சிலருக்குப் பலனில்லாமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா முடிவெடுத்துவிட்டார். மத்தியான பஸ்ஸில் கிளம்புகிறார்கள்.

"புத்தி மழுங்கிக்கினே போவுது கண்ணு. உன்ன நம்புனன்."

பாதியில் நிறுத்திவிட்டு, அந்த மனநிலையோடு அவன் மலையேறப் போகிறான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கடைசி செஷனில் கரும்புக் கதையையே முழு வேகத்தில் ஓட்டினேன். டிரைவர் இறங்கித் துரத்துகிறார், நான் ஒரு கட்டுக் கரும்போடு ஓடுகிறேன்...

"மூணு கரும்புன்னு சொன்னீங்க," என்றான் தினேஷ். "மொத வாரம் மூணு. அப்பறம் அஞ்சு. இப்ப ஒரு கட்டு."

அதற்குள் பல்ஸ் தொடங்கிவிட்டது. அடுத்த கேப்பில் அக்கா கேட்டார்: "டேய், நம்ம மாட்டுக்கு இன்னா பேரு?"

"அதத்தான் போன வருசமே வித்துட்டியேம்மா. வித்த மாட்டுக்குப் பேரு எதுக்கு?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட. மத்தியான பஸ் அவர்கள் இல்லாமல் போனது.

3. கேட்காமல் பேசுவது

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் மறுபடி மௌனம். அதற்கடுத்த நாள் இரண்டு வார்த்தை. மாத்திரையும் கவுன்சலிங்கும் கூடவே நடந்தன. அம்மாவிடம் பேசாதவன் என்னிடம் எப்படிப் பேசினான் என்று ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

"நீங்க எதுவும் கேக்கலியேக்கா."

புதிதாக இந்த அறைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பதில் சொல்லத் தெம்பில்லாதவனுக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு சுமை. பேசுங்கள், கேட்காதீர்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அக்காவிடமும் இதைச் சொன்னேன். மறுநாள் முதல் கேப்பில் நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டினார்.

"நீ கம்முனு இரு கண்ணு. இன்னிக்கு நான் பேசறன்."

மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி நுழைந்ததையும், கையில் கிடைத்த தட்டை எடுத்துத் தட்டிக்கொண்டே தான் ஓடியதையும் சொன்னார். பல்ஸ் வந்தால் நிறுத்துவார், கேப் வந்தால் தொடருவார். ஒரு கேள்விகூட இல்லை. நான் மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை பாதியில் இருக்கும்போது செஷன் முடிந்துவிட்டது. காயிலை விலக்கினேன். தினேஷ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பன்னி அப்பறம் எங்கம்மா போச்சி?" என்றான்.