பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள்

இன்று காலை ஷிப்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். அவருடைய பிக்கப் வண்டியில் க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையாம். பட்டனை அழுத்திவிட்டுக் காலை எடுத்தால் அதே வேகத்தில் ஓட வேண்டிய வண்டி, சோர்ந்து போய்விடுகிறதாம்.

நான் ஓட்டத் தெரிந்தது டூ வீலர் மட்டும்தான். ஆனால் கால் சென்டரில் இதற்கான வைத்தியம் எங்களுக்கு மனப்பாடம். பிரேக் லைட் எரியாவிட்டால் பல வண்டிகளில் க்ரூஸும் பிடிக்காது.

“பிரேக்கை மிதித்துக்கொண்டே, லைட் எரிகிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்” என்றேன்.



“என் மனைவிதான் நிற்பாள். இப்போது அவள் இல்லை” என்றார்.

நான் இருக்கும் ஜோகுபாளையத்தில் வண்டி மக்கர் பண்ணினால் கூப்பிடாமலே நாலு பேர் வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

பிறகு அவரே வண்டியைப் பின்னால் எடுத்து, சமையலறை ஜன்னலை ஒட்டி நிறுத்தி மிதித்தார். ஜன்னல் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை. பிரேக் சுவிட்சைப் பார்க்கச் சொன்னேன். உடனே போனை வைக்காமல், மனைவி எப்போதும் நிற்கும் அந்த ஜன்னலைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், கணவர் துபாய் போனதிலிருந்து மூடியே கிடக்கும் பைக்கில் சாவியைப் போட்டேன். பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தேன்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கன்னடம் கலந்து கத்தினார்: “எரியுதும்மா! ஸ்வல்ப டல்லா இருக்கு, அஷ்டே, அவ்ளோதான். ஆமா, உங்க வீட்டுக்காரரு எப்போ வராரு?”

இந்தத் தெருவுக்கு லைட்டை மட்டும் பார்த்துச் சொல்லத் தெரியாதா? உங்கள் தெருவிலும் இப்படித்தானா?