ராமாத்தாள் அக்காவின் துண்டு: கொடுமுடிப் பக்கம் ஒரு சனிக்கிழமை

டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு வேன் வாங்க மாட்டுச்சந்தையில் நன்கொடை திரட்டிய கதை படமாக வந்ததே, பார்த்திருப்பீர்கள். கடைசியில் கதாநாயகன் துண்டைக் கிழித்தெறிந்து கத்துவான், பணம் கொட்டும். என் மனைவி அழுதாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பம்ப்செட் உதிரிபாகம் விற்றுப் பிழைக்கிறவன் நான். கத்திக் கேட்டால் எவன் காசு கொடுப்பான்? நிஜத்தில் நடந்தது கொடுமுடிப் பக்கம் என்று கேள்விப்பட்டு, போன தை மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

கோவையிலிருந்து காலை நாலரைக்குப் புறப்பட்டோம். அவிநாசியில் இரண்டு காபி, அறுபது ரூபாய். ஈரோடு நூறு கிலோமீட்டர், அங்கிருந்து கொடுமுடி இன்னொரு நாற்பது. போகவரப் பெட்ரோல் இரண்டாயிரம். பஸ்ஸில் செலவு குறைவு, ஆனால் சந்தை ஒன்பது மணிக்கெல்லாம் கலைந்துவிடும்.

சந்தையில் விசாரித்தால், கதாநாயகன் என்று யாருமே இல்லை. எல்லாரும் ராமாத்தாள் அக்காவைக் காட்டினார்கள். அவர் வீட்டுக்காரர் மாரப்பன் மாட்டுத் தரகர். அவருக்குக் கிட்னி போனபிறகுதான் அக்கா சந்தைக்கே வந்திருக்கிறார்.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடிப்பார்கள், விரலுக்கு ஆயிரம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பெரிய தோட்டக்காரர் தொகையை மேடையில் சொன்னால் ஆயிரம் வைத்திருப்பவன் ஒதுங்கிப் போய்விடுவான் என்று, அக்கா நன்கொடைக்கும் புருஷனின் துண்டையே விரித்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்துப் பேரம் பேச எந்த வியாபாரிக்கும் கூச்சம். அக்கா பிடித்த விரலுக்குத் தலையாட்டிவிட்டுக் கையை உருவிக்கொண்டார்களாம். வேன் வந்துவிட்டது.

"படத்துல எங்க துண்டைக் கிழிச்சுப்போட்டானுங்க. துண்டு என்னங்க பண்ணுச்சு, பாவம்" என்றார் அக்கா. யார் அதிகம் கொடுத்தது என்று படக்காரர்கள் நச்சரித்தும் அவர் சொல்லவில்லை. அதனால்தான் படத்தில் அள்ளிக்கொடுக்கும் மீசைக்காரப் பண்ணையார் ஒருவர் முளைத்தாராம்.

நாங்கள் போன அன்று அந்த வேன் இஞ்சின் பிரிக்கப்பட்டு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. செவ்வாயும் வெள்ளியும் மாரப்பனோடு ஐந்து பேர் ஈரோடு போகவேண்டும். வெள்ளிக்கிழமை வாடகை வண்டியில் போய்வந்ததற்கே கையிருப்பு கரைந்துவிட்டது. செவ்வாய்க்குள் வண்டி ஓடியாக வேண்டும் என்று அக்கா மறுபடி துண்டோடு நின்றிருந்தார்.

போனிலேயே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அக்கா துண்டை நீட்டினார். கையை விட்டேன். அவர் விரல்களைப் பிடித்தார். தொழில் புத்தி எங்கே போகும்? முதல் விலைக்கு ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. என்னையறியாமல் இரண்டு விரலை மடக்கிவிட்டேன்.

அக்கா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஏனுங்க, கோயமுத்தூர்க்காரரு எங்கூட்டுக்காரரு கிட்னிக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கறாருங்க."

சந்தையே சிரித்தது. மடக்கிய விரலை நீட்டினேன். அவர் விடவில்லை, மடக்கிய குற்றத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துப் பிடித்தார். அடுத்து என் மனைவி தானாகவே கையை நீட்டினாள். என்னைவிட அதிக நேரம் கை உள்ளே இருந்தது. எவ்வளவு என்று திரும்பி வரும்போது கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் சேருங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். அக்காவோடு செல்ஃபி எடுக்கலாம், துண்டு விரித்திருக்கும்போது வேண்டாம். முடிந்ததும் கொடுமுடிக் கோயிலுக்குப் போய், காவிரியில் கால் நனைத்துவிட்டு வாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, அக்கா கொடுத்த நம்பரில் மாரப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். வேனுக்குள் இருந்தார், இஞ்சின் சத்தத்தில் பேச்சே சரியாகக் கேட்கவில்லை. ஈரோட்டை நெருங்கிவிட்டார்களாம். மொத்தம் எவ்வளவுதான் சேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கே சொல்லமாட்டீங்கறாளுங்க" என்றார்.