பச்சை உடம்புக்காரியின் தாகம்

ஒரகடம் பின்னால் போய்விட்டது, படப்பை இன்னும் வரவில்லை. அக்கா குழந்தையை அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். துணிமூட்டையோடு நான் பின்னால். 1991-ஆம் வருஷத்து வெயில். அழுது ஓய்ந்த குழந்தை இப்போது முனகத்தான் செய்தது.

அம்மா இல்லாததால் அக்காவுக்குப் புகுந்த வீட்டிலேயே பிரசவம். கூடமாட உதவ நான் வந்திருந்தேன். மாமியார் கெட்டவள் இல்லை. பூண்டு வறுத்துக் கொடுப்பாள், இடுப்புக்கு வெந்நீர் ஊற்றுவாள். குடிக்கத் தண்ணீர் மட்டும் தரமாட்டாள். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடுமாம். அரை டம்ளர் சுக்குத்தண்ணீரோடு சரி. பால் சுரக்கவில்லை. மாமா ஷிப்டுக்குப் போய், மாமியாரும் கண்ணயர்ந்த நேரத்தில், "வாடா, படப்பை ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வரை அவளால் முடியவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்கார அம்மாள் அக்காவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, தண்ணி கிண்ணி குடிச்சியா?"

"வயிறு ஊதிடுமாம்க்கா."

"நாலு பெத்தவ நானு. கொடம் கொடமா குடிச்சேன். இது ஊதுனது வடை தின்னு" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

கொதித்த நீரை ஆற்றிச் சொம்பில் கொடுத்தாள். அக்கா குடித்தாள், கஞ்சியும் குடித்தாள், மறுபடி தண்ணீர் கேட்டாள். அவளைக் கடைக்குப் பின்னால் பாயில் படுக்க வைத்தோம். பொழுது சாயும்போது குழந்தை முட்டி முட்டிக் குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் பசித்தது.

சற்று நேரத்தில் மாமியார் வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். "பச்ச உடம்ப வெச்சிகினு ரோட்ல நடக்கிறியே, அறிவு கீதாடி உனுக்கு?" என்று கத்தியவள், பால் குடிக்கும் குழந்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் மூத்தது பாலு இல்லாமதான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"அத்தைக்கு மூச்சு வாங்குது" என்றேன் நான். கடைக்கார அம்மாள் நீட்டிய சொம்பை வாங்கி, மாமியார் அக்காவின் வாயருகே கொண்டுபோனாள்.

அன்றே அவர்கள் வீடு திரும்பினார்கள்; நான் கடையிலேயே தங்கிவிட்டேன். அக்காவுக்கு இனி நான் தேவையில்லை என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தை முன்பே விட்டிருந்தேன். மறுநாள் காலை அந்தக் கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன்.