சிங்கத்தின் காலில் ஓர் உபயம்

எனக்கு வாய் கொஞ்சம் கூட. ஆனால் தமிழில் மட்டும். பிரெஞ்சு கேட்டால் விளங்கும், வாசிப்பேன். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பாரிஸ் லாச்சப்பலில் ஒரு பாத்திரக்கடையில் வேலை, புறநகர் கார்ஜில் வீடு. இருபது வருடத்தை "பொன்ஜூர்", "மெர்சி" என்றே ஓட்டிவிட்டேன்.

அப்படிப்பட்ட நான் நகரசபையின் சிற்பக்கலை வகுப்பில் சேர்ந்ததற்கு, திங்கட்கிழமை கடை பூட்டு என்பது ஒரு காரணம். இந்த நாக்கை ஒரு தடவையாவது எழுப்பிவிட வேண்டும் என்ற ரோசம் மற்றக் காரணம். வருட முடிவில் ஒவ்வொருவரும் ஒரு சிற்பத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும்; அதை எக்ஸ்போஸே என்பார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது ஒரு வெண்கல மிருகம். உடம்பு சிங்கம், முதுகின் நடுவே ஆட்டுத்தலை, வால் இருக்கவேண்டிய இடத்தில் பாம்பு. பெயர் ஷிமேர். இத்தாலியில் ரோமர்கள் தலையெடுக்குமுன் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வார்த்தது. வீட்டில் படத்தைக் காட்டினேன். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"குடிவெறியிலை வார்த்திருக்கிறாங்கள்" என்றார்.

வகுப்பில் இன்னொரு தமிழரும் இருந்தார். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். அவருடைய பிரெஞ்சு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, ஒரு மடிப்புக் கலையாது. "என்ன மதாம், எக்ஸ்போஸே ரெடியா? கடையில குத்துவிளக்கு விக்கிற மாதிரி இல்ல இது" என்று வாராவாரம் கேட்பார். "ஓம் ஐயா, பாப்பம்" என்பேன்.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. பதினொரு வசனம் பாடமாக்கியிருந்தேன். மூன்றாவது வசனத்தோடு எல்லாம் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புதுச்சேரி ஐயா எனக்காக வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

ஆசிரியை இரக்கப்பட்டோ என்னவோ, திரையில் அடுத்த படத்தைப் போட்டார். மிருகத்தின் வலது முன்கால், நன்றாகப் பெரிதாக்கியது. அதில் ஏதோ எழுத்துகள். "வானத்துக் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை என்று எழுதியிருக்கிறது" என்றார்.

"ஐயோ, உபயம்!" என்று தமிழில் கத்திவிட்டேன். புதுச்சேரி ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்கள் முழித்தார்கள்.

கடையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது நான்தான். கோயிலுக்கென்று வாங்கும் குடம், தட்டம், விளக்கு எதுவானாலும் "உபயம்" என்று தொடங்கி, குடும்பத்தின் பெயர், ஊர், இப்போது குடியிருக்கும் கூசேன்வில் வரைக்கும் வெட்டச் சொல்வார்கள். ஒருவர் கைமணியின் பிடியில் ஆறு பேரப்பிள்ளைகளையும் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

திரைக்குக் கிட்டப் போனேன். "இது வார்த்த பிறகு வெட்டினது இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழ், எனக்கென்ன கவலை! உலோகத்தில் வெட்டினால் கோட்டின் ஓரம் கூராக நிற்கும், விரலைக் கிழிக்கும். இங்கே ஓரங்கள் மழுங்கி, வெண்ணெயில் குச்சியால் கீறியது போல இருந்தன. வார்ப்பதற்காக முதலில் மெழுகில் உருவம் பிடித்தபோதே எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் வெண்கலத்தை உருக்குமுன்பே இது கடவுளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

ஆசிரியை வாயைப் பிளந்தார். ஆராய்ந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்களாம்.

பிறகு என்னை யார் நிறுத்துவது? உபயம் என்றால் என்னவென்று விளக்கினேன். கொடுத்தவரின் பெயரே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கோயில் ரியூப்லைற்றைப் பற்றிச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "இதைக் கொடுத்தவர் பெயர் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. காலில் இருந்தது கடவுளின் பெயர் மட்டும்தான்.

"எங்கடை ஆக்கள் இதுக்குச் சம்மதிக்கவே மாட்டினம்" என்றேன் புதுச்சேரி ஐயாவிடம்.

"நாங்க மட்டும் என்னவாம்? எங்க கோயில் பெஞ்சில போய்ப் பாருங்க" என்றார் அவர்.

பத்து நிமிடம் இருபத்தைந்து ஆனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்காமல் நின்றதே பெரிய காரியம்.

வகுப்பு முடிய, அவரவர் பேசிய சிற்பத்தின் படத்தைச் சுவரில் ஒட்டினோம். பெயர் எழுதும்படி யாரும் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களின் பெயரை வெட்டிய கை இது. இந்த நாட்டில் என் பெயரை மட்டும் படிவங்களில் காட்டிய கட்டங்களுக்குள்தான் எழுதியிருக்கிறது. தடித்த பேனா ஒன்றை எடுத்தேன். சிங்கத்தின் காலடியில் "உபயம்" என்று தமிழில் போட்டு, என் பெயர், என் ஊர், கார்ஜ் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பக்கத்தில் தன் படத்தோடு நின்ற புதுச்சேரி ஐயா கையை நீட்டினார். "எழுதி முடிச்சிட்டா அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க மதாம்."