காற்றுப் பிரிந்த பின்னேரம்

எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டில், பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு பை புழுக்கொடியல் வந்தது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. கல்லுப் போல இருக்கும், ஆறுதலாக இருந்து மென்று தின்ன வேண்டிய சாமான். எனக்கு ஆறுதலாக இருக்க நேரமிருந்த காலமா அது? ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், பஸ்ஸில் வைத்து அரைகுறையாக மென்று விழுங்கினேன். சோற்றையும் மீனையும் கரைத்துத் தள்ளும் வயிறு பனை நாரிடம் தோற்றுப்போனது. நாரெல்லாம் திரண்டு உருண்டு சிறுகுடலை அடைத்துக்கொள்ள, இரண்டாம் நாள் வேலைக்குப் போகும் வழியில் சுருண்டு விழுந்தேன். அன்றே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி அதை எடுத்தார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்தால் எழும்பிச் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். தண்ணீரைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. கை பட்ட குடல் உறங்கிவிடுமாம். தாதி என் வயிற்றுக்கு மேலே விரலைச் சுழற்றிச் சுழற்றி விளக்கினாள். முதலில் சிறுகுடல் விழிக்கும், பிறகு இரைப்பை, கடைசியாகத்தான் பெருங்குடல். காற்றுப் பிரிந்தால் அதுவும் விழித்துவிட்டது, வழி முழுவதும் திறந்துவிட்டது, பிறகு சாப்பாடு தருவோம் என்றாள். பிரியாவிட்டால்? மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டி வரலாம் என்றார் டொக்டர். எனக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது.

இதற்குள் எனக்கு வாய்த்த பெரிய சோதனை எங்கள் சனம். எங்கள் ஆட்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போதும், தனியே விடமாட்டோம். நகரத்தின் மறுகோடி, ஸ்ட்ரெதத்திலிருந்துகூட வந்தார்கள். நான் தின்னக் கூடாத திராட்சைப் பழத்தோடு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் கணவரின் அண்ணை! ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். அவருக்கு முன்னால் நான் ஒரு நாளும் கதிரையில் இருந்ததில்லை. இவர்கள் நடுவே வயிற்றுக்குள் காற்றுப் புரளும். பல்லைக் கடித்து அடக்குவேன். எல்லோரும் போன பிறகு, இனி வா என்றால் அது வராது. வயிறு மேளம் மாதிரி உப்பி, தையல் தெறித்துவிடும் போல வலித்தது.

ஒரு நாள் காலையில் டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்று மாலைவரை பார்ப்போம், இல்லையென்றால் மறுபடி கத்திதான் என்று சொல்லிவிட்டுப் போனார். போர்வையை முகத்துக்கு இழுத்து அழுதேன்.

பின்னேரம் கணவரோடு அண்ணை வந்தார், நெற்றி நிறையத் திருநீறு. அவர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்ததுதான் தாமதம், என் வயிற்றுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டு கீழே இறங்கியது. பழக்கத்தில் அடக்கப் போனேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மரியாதை இவருக்கு, கத்தி எனக்கா? இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டேன்.

வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரக் கிழவி பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தாள். கணவர் யன்னலுக்கு வெளியே எதையோ தேடினார். தாதி ஓடிவந்து கை தட்டினாள். எனக்கு வெட்கம் துளியும் வரவில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார்.

"பிள்ளை, பிரிஞ்சிட்டுதோ?"

"ஓம், பிரிஞ்சிட்டுது."

"காலமை துவக்கம் இதுக்குத்தானே பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு திரியிறன்." அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். "இன்னும் கிடந்தா அதையும் விடு. நான் நிக்கிறன் எண்டு பாக்காதை."

பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா? விட்டேன்.