ரெண்டு இடத்திலும் காணோம்!

'ஆட்டோமேட்டிக்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம். சென்ற புதன்கிழமை, அது வீண் பயம் இல்லை என்று ஆகிவிட்டது.

தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் தங்கை கவிதா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் சரவணனும், மலை மேல் சூரியநெல்லியில் இருக்கும் பார்ட்னர் முருகேசனும் ஒரு ஆப் எழுதுகிறார்கள். யார் தோப்புக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் முறை என்று சொல்கிற ஆப். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அன்று மதியம் பக்கத்துப் பெருமாட்டி விவசாயிகளிடம் தமிழ் ஆப்பைக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் இவர்களுக்கு வேலை.

ஆப்பின் புரோகிராம் முழுவதையும் வைக்கிற இடத்துக்கு ரெப்பாசிட்டரி என்று பெயராம். மலையில் நெட் போய்ப் போய் வருவதால் ஆளுக்கு ஒன்று. இங்கே ஒன்றை மாற்றினால் அங்கேயும் தானாக மாறிவிடும்; அதை 'சிங்க்' என்பார்களாம்.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமுங்க மச்சான்" என்று சரவணன் காபி ஆற்றினார்.

காபி முடிவதற்குள் அலறினார். ரெண்டு இடத்திலும் தமிழ் ஆப்பைக் காணோம்!

உடனே முருகேசனுக்கு போன். "ஏப்பா, நீயா அழிச்சுப்போட்டே?"

"நான் தொடவே இல்லண்ணே. இங்கயும் காணோம். நீங்கதான் என்னமோ பண்ணிட்டீக!"

எனக்கு முருகேசன் மேல் சந்தேகம் — இவ்வளவு வேகமாக எதற்கு மறுக்க வேண்டும்? அப்புறம் சரவணன் மேலும்... இவருக்கு எதற்கு இத்தனை சத்தம்?

கவிதா மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, காத்தால என்னமோ சுத்தம் பண்றேன்னீங்களே?"

சரவணன் முகம் வெளுத்தது. இங்கே இருந்த தமிழ் ஆப் மக்கர் செய்ததாம். அழித்துவிட்டு, முருகேசனிடம் இருப்பதைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். இவர் இங்கே அழித்ததும் அங்கேயும் தானாக அழிந்திருக்கிறது. சொன்ன வேலையை சிங்க் சுத்தமாகச் செய்திருக்கிறது, பாவம்!

மாதக்கணக்கான உழைப்பு. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வரும் போலிருந்தது.

கவிதா உள்ளே போய்த் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அதற்காக முந்தின நாள் எடுத்த முழு நகல் அதில் இருந்தது. எதோடும் இணைக்காமல் தனியாக வைத்திருந்தாள்.

மதியம் அந்த நகலைப் பார்த்த பெருமாட்டிக்காரர்களுக்கு ஆப் பிடித்துப்போனது. சாயங்காலம் சரவணன் உற்சாகமாகத் திரும்பி வந்தார். "கவிதா, உன்ற லேப்டாப்பையும் சிங்க்ல சேத்திரலாம்."

அவள் லேப்டாப்பை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"எதுக்குங்க... மூணு இடத்துலயும் ஒண்ணா அழியறதுக்கா?"