கைப்பிடி இல்லாத பக்கம்

நோரீன் பாஸ்கோவின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். மெல்பர்னுக்கு மேற்கே எங்கள் சன்ஷைனில் ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய குப்பை வாரம் வரும். கிழிந்த சோபா, கறை பிடித்த மெத்தை, ஓடாத ஃபிரிட்ஜ் எல்லாம் வீட்டுக்கு முன்னாலுள்ள புல்தரையில் வந்து உட்கார்ந்துவிடும். நகரக் கவுன்சில் லாரி வந்து அள்ளும்வரை அவை யாருக்கும் சொந்தமில்லை. ஃபிரிட்ஜை வெளியே வைக்கும்முன் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று கவுன்சில் துண்டறிக்கையில் ஒரு வரி உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. நோரீன் நாற்பது ஆண்டுகளாகத் தெருத்தெருவாகப் போய்க் கழற்றிக்கொண்டிருந்தார்.

திறப்பதற்கு முன் மூன்று முறை தட்டுவார். காதைக் கதவோடு ஒட்டிவைத்து நிற்பார். பிறகுதான் கை கைப்பிடிக்குப் போகும்.

"என்ன நோரீன், உள்ள ஆள் இல்லையா?" என்று கேட்பார் லென். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "நாளைக்கு வரேன்னு சீட்டு எழுதிச் சொருகிட்டு வா."

நோரீன் அடுத்த திருகுக்குப் போய்விடுவார். சாக்ஸ் ஆலையில் முப்பது வருடம் இயந்திரத்தின் முன் நின்றவர். ஆலை இரைச்சல் அவரைப் பேச்சு குறைந்தவராக்கிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த ஆண்டு கவுன்சில் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கலைக் கொட்டகையிடம் ஒரு போஸ்டர் கேட்டது. நகரத்தின் குப்பையும் சிதைவும் பொருள். முதலில் நூலகத்தில் தொங்கும். நன்றாக இருந்தால் அச்சாகி வீட்டுக்கு வீடு போகும். கொட்டகையை நடத்தும் வெஸ்னா தெருவில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள். பூஞ்சை பிடித்த சுவர்க் காகிதம், ரயில் சீட்டுகள், துருவேறிய டப்பா மூடிகள், எண்ணெய் ஊறிய அட்டைகள் வந்து குவிந்தன. நோரீன் இடிபட்ட ஒரு வீட்டிலிருந்து பழங்காலத்து ஃபிரிட்ஜ் கதவு ஒன்றைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார். மூடினால் தானாகக் கொண்டி விழுந்து பூட்டிக்கொள்ளும் வகை.

"இது மேல ஒட்டுவோம்."

வெஸ்னா வெள்ளை எனாமலைத் தடவிப் பார்த்தாள். "சூப்பரா இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல."

"இந்தப் பக்கம் இல்ல. திருப்பு."

"அந்தப் பக்கமா? பூரா பூஞ்சைங்க. நாத்தம் குடலப் புடுங்குது."

"சிதைவுன்னு நீதானே சொன்ன? பின்ன மல்லிகைப்பூ வாசமா வரும்?" என்றார் லென்.

உட்பக்கம் மேலே வந்தது. மூன்று செவ்வாய்க்கிழமைகள் மைதாப் பசையோடு போயின. சீட்டுகள் தெருக்களாயின, டப்பா மூடிகள் புகைபோக்கிகளாக அடுக்கப்பட்டன. இடுப்பு உயரத்துக்குக் கீழே, கொண்டி இருந்த விளிம்போரமாக ஓர் இடத்தில் மட்டும் நோரீன் எதையும் ஒட்டவிடவில்லை. வெறும் தகரம், ஒரு சாண் அகலம்.

"அது ஓட்டை மாதிரி தெரியுது நோரீன். பாத்தா பயமா இருக்கு," என்றாள் வெஸ்னா.

"கதவோட கைப்பிடி எங்க இருக்கு?"

"வெளிப்பக்கம்."

"உள்பக்கத்துல?"

வெஸ்னாவின் கை அந்த வெற்றிடத்தில் போய் எதையோ துழாவியது. பிறகு நின்றது.

"மெர்ல் என் தங்கச்சி. அவளுக்கு அஞ்சு வயசு, எனக்கு ஒம்பது," என்றார் நோரீன். "கண்ணாமூச்சி. நான் நூறு வரைக்கும் எண்ணினேன். எங்க கொல்லைல ஒரு பழைய ஃபிரிட்ஜ் கெடந்துச்சு. தட்டுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்துத் தகரப் பட்டறைல வேலை நடக்குதுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை பட்டறை கெடையாதுன்னு சாப்பிட உக்காந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு."

லென் ஏற்கெனவே கழுவிவைத்திருந்த தூரிகையை எடுத்து மறுபடி கழுவினார்.

"இந்த இடம் அப்படியே இருக்கணும்," என்றார் நோரீன். "நோட்டீஸ யாரும் படிக்கமாட்டாங்க. கை வெச்சுப் பாக்கட்டும்."

அந்தப் போஸ்டர் நல்ல கலையா என்றால் நான் தயங்குவேன். புகைபோக்கிகள் அதிகம், ரயில் சீட்டுகள் வேண்டுமென்றே கோணலாக்கப்பட்டிருந்தன. ஆனால் நூலகச் சுவரில் அது ஏறியதும் ஒன்று புரிந்தது. நாம் ஒரு நகரத்தை வெளியே நின்று பார்க்கவில்லை. கதவு மூடியிருக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம்.

தொடும்படி யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அந்த வெறுந்தகரம் கைபட்டுக் கறுத்துவிட்டது. வருகிறவர்கள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே அதன்மேல் கைவைத்துத் தள்ளினார்கள். சுவர் எப்படி நகரும்? நகராதபோது ஒரு கணம் பேச்சு நின்றது. கவுன்சிலிலிருந்து பார்க்க வந்த பெண்ணும் தள்ளினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இத வீட்டுக்கு வீடு அனுப்ப முடியாதுங்க," என்றாள். "சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடு."

"அதுக்குத்தான்மா," என்றார் நோரீன்.

அச்சாகவில்லை. குப்பை வாரம் வந்தது. சனிக்கிழமை காலை நோரீனோடு லென்னும் நானும் நடந்தோம். எங்கள் தெருவில் ஏழு ஃபிரிட்ஜுகள். ஐந்தில் கதவு இல்லை. கழற்றிய கதவுகள் வேலியில் உட்பக்கம் தெரியச் சாய்ந்து நின்றன, யாரோ அப்போதுதான் வெளியே வந்ததுபோல. ஆறாவதை நோரீன் கழற்றினார். அவர் முகத்தில் திருப்தி இல்லை, ஏழாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடியில், மூடிய கதவோடு அது நின்றது. லென் முன்னால் போனார். தன் பையிலிருந்து புதுத் திருப்புளி ஒன்றை எடுத்தார். கைப்பிடியைத் தொடவில்லை. முட்டி மடித்துக் குனிந்து, தாழ்வாக, ஒரு குழந்தையின் காதுக்கு எட்டும் உயரத்தில் மூன்று முறை தட்டினார்.

நோரீன் கதவில் காதை வைத்தார். தூரத்தில் எங்கோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டார்.

"சனி," என்றார் லென். "அது புல்லு வெட்டுற மெஷின்."

"நிறுத்தட்டும்."

அது நிற்கும்வரை நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். நின்ற பிறகு லென் மறுபடி தட்டினார்.